மூன்றாம் தரம் கேட்பார்கள் என்று

எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒரு தரம் கேட்பது கேள்வியே அல்ல. தொண்டையைச் செருமுவது மாதிரி. இரண்டாம் தரம் கேட்டால், ஓ, இந்த மனிசன் உண்மையாகத்தான் கேட்கிறார் போலிருக்கிறது என்று யோசிப்போம். மூன்றாம் தரம் கேட்டால்தான் கையை நீட்டுவோம். யாழ்ப்பாணத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் இதுதான் நடக்கும்.

"தேத்தண்ணி போடட்டோ?"

"சீச்சீ, வேண்டாம். இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான்."

"கொஞ்சம் குடியுங்கோவன்."

"ஏன் உங்களுக்குச் சிரமம்?"

"அடுப்பிலை தண்ணி கொதிக்குது, இதிலை என்ன சிரமம்?"

"சரி அப்ப, அரைக் கோப்பை."

அரைக் கோப்பை என்றவருக்கு முழுக் கோப்பை வரும். அவரும் அடி தெரியக் குடிப்பார். கேட்டவரும் பொய் சொல்லவில்லை, மறுத்தவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தாளம் தெரியும், அவ்வளவுதான்.

இந்தத் தாளத்தோடுதான் எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சிட்னியில் வந்து இறங்கினேன். கொழும்பில் ஒரு தேங்காயெண்ணெய்க் கம்பெனியில் கிளாக்காக இருந்துகொண்டே தபால் மூலம் கணக்கியல் படித்துப் பாஸ் பண்ணியவன் நான். வாத்தியார் முகம் பார்த்துப் படித்த படிப்பில்லை. பிழை விட்டால் தாள் சிவப்பு மையோடு திரும்பி வரும், அதுதான் வாத்தியார். மனைவியையும் இரண்டரை வயது மகளையும் யாழ்ப்பாணத்தில் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். மனைவி அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போது அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஒரு அறைக்குள்ளை பிள்ளையோடை வந்து நாங்கள் என்ன செய்யிறது? வீடொண்டு எடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ, வாறம்."

அவ்வளவுதான் எனக்கிருந்த வேலை: சம்பளம் உயர வேண்டும், வீடு எடுக்க வேண்டும், அவர்களைக் கூப்பிட வேண்டும்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு கிழவியின் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை கிடைத்தது. புருசனை இழந்த தனிக்கிழவி. நல்ல மனுசி. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டில் கேக் வெட்டிக்கொண்டு வந்து, "ஒரு துண்டு எடுக்கிறீரா?" என்று கேட்டார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "வேண்டாம், நன்றி" என்றேன், இரண்டாம் தரத்துக்கு முகத்தைத் தயாராக்கிக்கொண்டு. அவர் சிரித்துக்கொண்டே, "சரி" என்று திரும்பிப் போனார். தட்டு கதவுக்குள் போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கேக்கில் போட்ட ஆரஞ்சின், எங்கள் தோடம்பழத்தின், வாசம் மட்டும் முற்றத்தில் நின்றது.

அந்தக் காலத்தில் சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகளெல்லாம் பூட்டிவிடுவார்கள். பிறகு திங்கள் காலைதான். பாண் ரொட்டி வாங்க மறந்தவன் மறந்தவன்தான். சனி பின்னேரம் ஸ்ட்ராத்ஃபீல்ட் தெருவில் நடந்தால் என் சப்பாத்துச் சத்தம் எனக்கே திரும்பிக் கேட்கும். ஒருவரோடும் ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு நாள் இருந்துவிட்டு, திங்கட்கிழமை ரெயில் நிலையத்தில் டிக்கெட் கேட்க வாய் திறந்தால் குரல் கரகரக்கும். பேசிப் பழகிய வாய்க்கு அது பெரிய தண்டனை. எனக்கு ஆட்களின் பேச்சுத்தான் சாப்பாடு. யார் எந்தப் பழமொழி சொன்னாலும் மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

வேலை, நகரத்தில் ஒரு கணக்காய்வுக் கம்பெனியில். நேர்முகத்தில் முதலாளிகளில் ஒருவர், மெலிந்து உயர்ந்த மனிதர், "எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்?" என்று கேட்டார். "உங்களுக்கு எது நியாயமாகப் படுகிறதோ" என்றேன். அவருக்கு எது நியாயமாகப் பட்டது என்பதை முதல் வியாழக்கிழமை சம்பள உறையைப் பிரித்தபோது அறிந்துகொண்டேன். அதோடாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பொது அறை என்று ஒரு நீள அறை. பன்னிரண்டு மேசை. வரி, கணக்காய்வு, சம்பளப் பட்டியல் என்று எந்தக் கோப்பு வந்தாலும் எங்களில் ஒருவர் தலையில் விழும். அதிகம் என் தலையில்தான் விழுந்தது, ஏனென்றால் எல்லாம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். தபாலில் படித்தவன் எதையும் விட்டுவைக்க மாட்டான். எல்லாம் செய்கிறவனுக்கு எல்லாம் தருவார்கள், சம்பளத்தைத் தவிர. வரியை மட்டும் பார்க்கிறவர்கள் மேல்மாடியில் தனி அறையில் இருந்தார்கள். அவர்கள் கீழே வரும்போது சப்பாத்தே வேறு மாதிரி மினுங்கும்.

பக்கத்து மேசையில் என் வயதுக்காரன் ஒருவன். சிவந்த முகம், பெரிய சிரிப்பு, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். வந்த முதல் கிழமைக்குள்ளேயே நான் அவனிடம், எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்பதுபோல, "நீ எவ்வளவு சம்பளம் எடுக்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் இன்னும் சிவந்தது. கடித்த சான்ட்விச்சை மெல்ல மறந்துபோனான். "அதை இங்கே ஒருவரும் கேட்பதில்லை" என்றான் மெல்ல. அந்த அறையில் பெண்சாதியோடு போட்ட சண்டையைச் சொல்வார்கள், மூலவியாதிக்கு வெட்டியதைச் சொல்வார்கள். சம்பளத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் அவன்தான் எனக்கு அங்கே நெருக்கமாக இருந்தான். பழமொழிப் பைத்தியம் அவனுக்கும் கொஞ்சம் இருந்தது. வேலை தலைக்கு மேல் போனால், அவர்கள் ஊர்ப் பேச்சில், தான் தண்ணீர் குடிக்கிற பல்லி மாதிரி ஓய்வில்லாமல் இருப்பதாகச் சொல்வான். எங்கள் பல்லி சாத்திரம் சொல்லும், உங்கள் பல்லி தண்ணீர் குடித்துக்கொண்டேயிருக்குமோ என்று கேட்டேன். அதற்குப் பிறகு காலையில் என்னைக் கண்டால், "பல்லி இன்றைக்கு என்ன சொல்லிற்று?" என்று கேட்பான். நான் அவனுக்கு, 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, பன்னிரண்டு மேசையையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "அது நாங்கள்தானே" என்றான்.

எழுபதுகளின் நடுவில் அங்கே காலம் கெட்டது. நேற்றுவரை மாடிமேல் மாடி கட்டிக்கொண்டிருந்த கட்டடக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. விழுந்த கம்பெனியை முறைப்படி மூட ஆள் வேண்டும். உள்ளதைப் பட்டியல் எடுத்து, விற்று, கடன்காரருக்குப் பங்கு பிரித்துக் கொடுத்து, கடைசியில் கதவைப் பூட்ட வேண்டும். அந்த மெலிந்த முதலாளி ஒரு திங்கட்கிழமை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையில் இருக்கச் சொன்னார்.

"இந்த மூடுகிற வேலையை மட்டும் செய்ய எங்களுக்கு ஒருவர் வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. இதிலேயே ஆழமாகப் போகலாம். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடும். உமக்கு விருப்பமா?"

மூன்றில் ஒரு பங்கு என்றால் வீடு. வீடு என்றால் மனைவியும் பிள்ளையும். வாய் நிறையச் சந்தோசம் வந்தது. ஆனால் வாய் தன் பழக்கத்தைத்தான் செய்தது.

"நான் அதற்குப் பொருத்தமோ தெரியாது, சேர். என்னைவிட நல்லவர்கள் இருக்கிறார்கள்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து கை கொடுத்தார். "நேர்மையாகச் சொன்னீர். எனக்கு அது பிடித்திருக்கிறது" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் புதுச் சேட் போட்டுக்கொண்டு போனேன். இரண்டாம் தரம் கேட்பார் என்று. அவருடைய அறை வாசலால் தேவையில்லாமல் மூன்று முறை போய் வந்தேன். புதன்கிழமை, தொலைபேசியில் கேட்டிருக்கக்கூடிய ஒரு சந்தேகத்தைக் கோப்போடு கொண்டுபோய் நேரில் கேட்டேன். அவர் பதில் சொன்னார். நான் போகாமல் நின்றேன். "வேறு ஏதாவது?" என்றார். "ஒன்றுமில்லை" என்றேன். இதுவும் ஒரு கேள்விதான், இதற்கும் ஒரு தரம் மறுத்துவிட்டேன் என்று படியிறங்கும்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் எல்லோரும் முனையிலிருந்த பாருக்குப் போவார்கள். நான் எலுமிச்சம்பழச் சோடாவோடு ஓரத்தில் நிற்பேன். அன்றைக்கு என் சிவந்த முகத்து நண்பன் எல்லோருக்கும் தானே வாங்கிக் கொடுத்தான். மூடுகிற வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. ஒரு தரம்தான் கேட்டார்களாம். கேட்டு முடியுமுன்னே ஓம் என்றுவிட்டானாம்.

"உன்னைத்தான் முதலில் கேட்டார்களாமே" என்றான் என் காதுக்குள். "நீ ஏன் வேண்டாம் என்றாய்? செத்த கம்பெனிகளுக்குப் பயமா?"

எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது? "ஓம், பயம்தான்" என்றேன். அவன் என் தோளில் தட்டினான். அந்த வருசம் முழுக்க என் பக்கத்து மேசை வெறுமையாக இருந்தது. காலையில் பல்லி என்ன சொல்லிற்று என்று கேட்க ஆளில்லை. மனைவிக்கு நான் இதை எழுதவில்லை. அவள் கடிதங்களில் பாணுக்கு விடியவே வரிசை, அரிசிக்குக் கூப்பன் என்றிருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: வீடு விசயம் எப்படி?

நான் என்னைத் திருத்த முடிவு செய்தேன். படிப்பைத் தபாலில் படித்தவனுக்கு இதைப் படிக்க முடியாதா? ரெயிலில் யன்னலோரமாக இருந்து வாய்க்குள் சொல்லிப் பழகுவேன்: ஓம், விருப்பம். ஓம், வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரக் கிழவி கேக் தட்டோடு வாசலுக்கு வந்தார். அவர் வாய் திறக்குமுன்னே, "ஓம்!" என்றேன். பாவம், தட்டு கையில் ஆடிப்போயிற்று. "நான் இதைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், கதவைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று கேட்க வந்தேன்" என்றார். ஆனாலும் ஒரு துண்டு தந்தார்.

ஒரு வருசத்துக்குச் சற்று மேல் போயிருக்கும். நண்பன் வேலையை விட்டான். அவனும் மனைவியும் வடக்கே கடற்கரையோரம் ஒரு சின்ன மோட்டலை எடுத்து நடத்தப் போனார்கள். "வெறும் கட்டடங்களுக்குள் நடந்து நடந்து களைத்துப்போனேன்" என்றான். "இனி ஆள் நிறைந்த கட்டடம் வேண்டும்." விடைபெறும்போது, பல்லியிடம் தான் சுகம் கேட்டதாகச் சொல்லும்படி சொன்னான்.

அடுத்த நாள் காலை ஒருவரும் கூப்பிடாமலே முதலாளியின் கதவைத் தட்டினேன். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று எங்கள் ஊரே சொல்லும்; சொல்லிவிட்டு அழாமல் இருப்பதும் எங்கள் ஊர்தான்.

"அந்த மூடுகிற வேலை எனக்கு வேண்டும்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முன்பு வேண்டாம் என்றீரே?"

"அது மரியாதைக்குச் சொன்னது."

"யாருக்கு மரியாதை?"

இன்றுவரை எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. நான் முழிப்பதைப் பார்த்து அவர் சிரித்தார். "சரி, எவ்வளவு வேண்டும்?" என்றார். இந்த முறை ஒரு தொகையைச் சொன்னேன். அவர் உடனே சம்மதித்தார். அவர் சம்மதித்த வேகத்திலேயே, குறைத்துக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிட்டது.

அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். ஆழ உழுகிறவனுக்குப் பக்கத்தில் ஆள் இராது என்பதை ஒருவரும் சொல்வதில்லை. எனக்குத் தனி அறை வந்தது. தனித் தொலைபேசி வந்தது. சம்பளம் வங்கிக்கு நேரே போகத் தொடங்கியது. வியாழக்கிழமைகளில் உறைக்காக வரிசையில் நின்று பகிடி விட்டுச் சிரித்ததும் போயிற்று. நான் பொது அறைக்குள் ஒரு பென்சில் வாங்கப் போனாலும், "இன்றைக்கு யார் செத்தது?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

மேற்குப் பக்கத்தில் ஒரு தளபாடத் தொழிற்சாலைக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. காவற்காரர் திறப்புக் கொத்தைத் தந்துவிட்டு வெளியே நின்றார். உள்ளே நான் தனியே நடந்து பட்டியல் எடுத்தேன். மேசை இத்தனை, கதிரை இத்தனை. சாப்பாட்டு அறையில் கோப்பைகள் கழுவாமல் கிடந்தன. கலண்டர் இரண்டு மாதத்துக்கு முந்திய தாளில் நின்றது. ஒரு கதிரை முதுகில் பெண்பிள்ளை ஒருத்தியின் நீலக் கம்பளிச் சட்டை தொங்கியது. அதைக் கம்பெனிச் சொத்தென்று எழுதுவதா விடுவதா என்று நெடுநேரம் நின்றேன். கடைசியில் மடித்துக் காவற்காரரிடம் கொடுத்து, தேடி வந்தால் கொடுக்கச் சொன்னேன். அந்த விற்பனைகளில் நாங்கள் ஒரு கரண்டிகூட வாங்கக்கூடாது, அது சட்டம். ஆகவே நாள் முழுக்கக் கதிரை எண்ணிவிட்டு, ஒரே ஒரு கதிரை உள்ள அறைக்குத் திரும்பி வருவேன்.

ஆனால் அந்த வேலையில் நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். விழுந்த கம்பெனிகளின் முதலாளிமார் எனக்கு முன்னால் இருந்து, "எல்லாம் நல்லாய்த்தான் போகிறது, இந்த மாதம் மட்டும்தான் கொஞ்சம் இறுக்கம்" என்பார்கள். தாள்களைப் புரட்டினால், அவர்கள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரிந்துவிடும். எந்த மாதம் வெடிப்பு விழுந்தது, எந்த மாதம் தெரிந்தும் தெரியாததுபோல இருந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். சம்பளம் இரண்டாம் தரமும் கூடியது. இந்த முறை தொகையைக் கூட்டித்தான் கேட்டேன்.

ஸ்ட்ராத்ஃபீல்டிலேயே இரண்டு படுக்கையறை வீடொன்று எடுத்தேன். அன்றைக்கே நீல நிற விமானக் கடிதத்தில் எழுதினேன். வீடு எடுத்தாயிற்று, டிக்கெட் போடட்டோ?

மூன்று கிழமையில் பதில் வந்தது. "இப்ப என்ன அவசரம்? பிள்ளைக்கு வருசக் கடைசியில் சோதினை வருகுது. உங்களுக்கும் வீண் செலவு. இப்ப வேண்டாம், பிறகு பாப்பம்."

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தாள். இங்கே நான் பாடுபட்டுப் படித்த பாடம் அதுதானே: ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். நேர்மையாகச் சொன்னாள் என்று எண்ணிக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். இரண்டாவது படுக்கையறையைச் சாத்தினேன். பிறகு எழுதிய கடிதங்களில் குளிரைப் பற்றியும் வேலையைப் பற்றியும் எழுதினேன். அவளும் மழையைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் எழுதினாள். வீடு விசயம் எப்படி என்ற கடைசி வரி நின்றுபோயிற்று. அது நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை. நாலு மாதம் அப்படிப் போயிற்று.

பென்டில் ஹில்லில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன்; அண்ணை அங்கே ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். அந்தக் காலத்தில் எங்கள் சனத்தைச் சிட்னி முழுக்கத் தேடிப் பிடிக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சோறு. அன்றைக்கும் நான் படலையைத் திறக்க, அண்ணை உள்ளே பார்த்துக் கூவினார்.

"இஞ்சேரும், யமதர்மன் வாறார். குசினியைப் பூட்டும், சட்டி பானையையும் கதிரையளையும் எண்ணப்போறார்!"

அக்கா வெளியே வந்தா. "வாரும், வாரும். தேத்தண்ணி போடட்டோ?"

"ஓம்" என்றேன்.

அக்கா போகவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தா. "என்ன, சட்டெண்டு ஓமெண்டிட்டீர்? வீட்டிலை பட்டினியோ?"

"பழகிட்டன் அக்கா. இஞ்சை ஒருக்காத்தானே கேக்கினம்."

"இது பென்டில் ஹில் இல்லை. இந்தப் படலைக்குள்ளை யாழ்ப்பாணம். சரி, மனிசி எப்ப வாறா? வீடும் எடுத்துப்போட்டீர்."

"அவ வேண்டாமெண்டு எழுதியிருக்கிறா."

"என்னது?"

"பிள்ளைக்குச் சோதினையாம். செலவாம். இப்ப வேண்டாமாம்."

"எத்தினைதரம் கேட்டனீர்?"

நான் சப்பாத்து நாடாவை அவிழ்க்கக் குனிந்தேன். அக்காவுக்கு விளங்கிவிட்டது. இடுப்பில் கையை வைத்தா.

"ஒண்டாம் வகுப்புச் சோதினைக்காகவோ ஒருத்தி புருசனை விட்டிட்டு அங்கை இருக்கிறாள்? ஒருக்காக் கேட்டவுடனை, ஓம், வாறன் எண்டு எழுத அவளுக்கென்ன, ரோசம் மானமில்லையோ? தகப்பன் வீட்டிலை இருக்கிறவள். புருசன் திரும்பவும் கேட்டு எழுதுறான், வாவெண்டு நிக்கிறான் எண்டு நாலு பேருக்குச் சொல்லிப்போட்டெல்லோ பெட்டி கட்டுவாள்!"

"அக்கா, நான் நினைச்சன்…"

"நீர் நினைச்சீர்! மற்றவன்ரை கம்பெனித் தாளிலை எழுதாததெல்லாம் வாசிக்கிறீராம். பெண்சாதியின்ரை கடிதத்தை வாசிக்கத் தெரியேல்லை."

அண்ணை பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். தேத்தண்ணி வரவேயில்லை. நான் கேட்கவுமில்லை.

அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்து எழுதினேன். டிக்கெட் போடப் போகிறேன், என்ன சொல்கிறாய்? பதில் கொஞ்சம் இளகி வந்தது. "உங்களுக்குச் சிரமமில்லை எண்டால் யோசிக்கலாம். அப்பாவையும் கேக்க வேணும்." அதில் வருசக் கடைசிச் சோதினையைக் காணவில்லை. மூன்றாம் தரம் எழுதினேன். கெஞ்சித்தான் எழுதினேன். இரண்டாவது அறையைச் சாத்தியபடி வைத்திருப்பதையும் எழுதினேன். அதற்கு வந்த பதிலில் ஓம் என்ற சொல்லே இல்லை. "அங்கை ஆட்டுக்கல் கிடைக்குமோ, இல்லாட்டி இஞ்சையிருந்து கொண்டு வரவோ? பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை எத்தினை வேணும்?" என்று மட்டும் இருந்தது. அந்தக் கடிதத்தை நான் ரெயிலில் கொண்டுபோய், அலுவலகத்தில் கதவைச் சாத்திவிட்டு மறுபடி வாசித்தேன்.

அவர்கள் வந்து இறங்கியது நல்ல கோடைகாலம். குளிரைப் பற்றி நான் எழுதியதை நம்பி, மனைவி தடித்த கம்பளிச் சட்டை போட்டு வேர்த்துக்கொண்டு வந்தாள். மகளுக்கு ஆறு வயது முடியப்போகிறது. நான் விட்டுவிட்டு வந்த பிள்ளையை அந்த முகத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. குனிந்து, "அப்பாட்டை வாறீங்களோ?" என்று கேட்டேன். "மாட்டன்" என்று தாயின் சேலைக்குள் போய்விட்டாள்.

அண்ணையின் காரில் வரும்போது, மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒருக்காத்தானே கேட்டனீங்கள். பிறகு நாலு மாசம் அதைப்பற்றி ஒண்டுமில்லை. நான் தபால்காரனைப் பாத்துப் பாத்து, இனிக் கேக்க மாட்டார், அங்கை தனிய இருக்கப் பழகிட்டார் எண்டு நினைச்சிட்டன்."

நான் அவளுக்கு முதலாளியின் கதையைச் சொன்னேன், முதன்முதலாக. பொருத்தமோ தெரியாது சேர் என்றதையும், புதுச் சேட் போட்டுக்கொண்டு வாசலால் நடந்ததையும் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப, உங்களுக்கெல்லோ அது தெரிஞ்சிருக்க வேணும்" என்றாள்.

முன் சீட்டில் அண்ணை ஒரு பகிடியும் விடவில்லை.

மகள் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. பின்னேரம் நான் கதவைத் திறந்தால், "அம்மா, அவர் வந்திட்டார்" என்று உள்ளே ஓடுவாள். முன்பு வெறும் வீட்டில் இருந்த தனிமை வேறு. மனைவியும் பிள்ளையும் குசினியில் கதைத்துச் சிரிக்கிற சத்தம் கேட்க, நான் முன் அறையில் 'அவராக' இருந்த தனிமை வேறு. ஒவ்வொரு நாளும் கேட்டேன். கடைக்குப் போவமோ? மாட்டன். கதை சொல்லட்டோ? வேண்டாம். எத்தனை தரம் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மூன்றாம் கிழமை போல, ஒரு நாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் நிலத்தில் குந்தியிருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்காமல், அவளாகவே நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு வேணுமோ?"

"ஓம்" என்றேன், அவள் வாய் மூடுமுன்னே.

கடித்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்தாள். இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து அளந்து பார்த்தாள். பெரியதைத் தான் வைத்துக்கொண்டு, சின்னதை என் கையில் வைத்தாள்.